சுட்டுப் பார்ப்பது சோதனை அல்ல

உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லித் தர்மபுரி மாவட்டப் போலீஸ் அறிவிக்கும்போதெல்லாம் தொப்பூர்ப் பக்கத்து டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். அண்மையில் அதைப் பேசியவர் மலையடியில் நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயி. “எங்கப்பா காலத்துத் துப்பாக்கிங்க. இத்தன வருசமா சுடறோம், ஒண்ணும் ஆகல. கைராசிக்கார ஆசாரி செஞ்சது. அதுக்கு அளவெல்லாம் எதுக்குங்க?” சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் சொன்னதை விட அந்தத் தலையாட்டல்தான் எரிச்சலூட்டுகிறது.

அளவு எதற்கு என்பதற்கு .303 ரைஃபிளே பதில் சொல்லும். இந்தியப் போலீசார் பல பத்தாண்டுகள் தோளில் சுமந்த அந்த ரைஃபிள் குடும்பத்தின் நான்காம் எண் ரைஃபிளுக்கு, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டின் முன்தலையை 0, 1, 2, 3 என நான்கு அளவுகளில் செய்தார்கள். குழலும் போல்ட்டும் தொழிற்சாலைகளில் உருவானவைதான். தேர்ந்த தொழிலாளர்கள் இருந்தார்கள், அளந்து பார்க்கும் கேஜ்கள் இருந்தன. அப்படியும் ஒவ்வொரு துப்பாக்கியையும் அளந்து பார்த்து, அதற்குப் பொருந்தும் முன்தலையைத் தேடித்தான் மாட்டினார்கள்.

அவர்கள் அளந்தது ஹெட்ஸ்பேஸை. ஹெட்ஸ்பேஸ் என்பது, குழலுக்குள் தோட்டா உட்காரும் இடத்துக்கும் அதைப் பின்னாலிருந்து தாங்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள தூரம். .303இல் அது 0.064 அங்குலத்துக்குக் குறையவும் கூடாது, 0.074ஐத் தாண்டவும் கூடாது. இரண்டுக்கும் இடையே உள்ளது கால் மில்லிமீட்டர். இடைவெளி கூடினால் பித்தளைத் தோட்டாவுக்குப் பின்தாங்கல் போய்விடும்; வெடிக்கும் கணத்தில் அது நீண்டு கிழியும்; கொதிக்கும் வாயு சுடுபவனின் கண்ணை நோக்கிப் பின்னால் பாயும். தொப்பூர்க் கணவாயில் ஏறும் லாரியின் டயரில் சதுர அங்குலத்துக்கு நூறு பவுண்டுக்குச் சற்று மேல் காற்று இருக்கும். அது வெடித்தாலே ஆள் சாகக்கூடும். .303 தோட்டாவுக்குள் எழும் அழுத்தம் 40,000 பவுண்டுக்கும் மேல். கைராசி இதை எப்படித் தாங்கும்?

இது நம்மூர் மூடநம்பிக்கை மட்டும் அல்ல. உதிரிபாகங்களைக் கோர்த்து வீட்டிலேயே துப்பாக்கி செய்வதற்குச் சட்டம் இடம்தரும் அமெரிக்காவிலும், ஒரு கம்பெனிக் குழலையும் இன்னொரு கம்பெனி போல்ட்டையும் வாங்கி ஏஆர்-15 ரைஃபிள் கோர்க்கிறவர்கள் பலர், “புதுச் சாமான்தானே, கேஜ் வேண்டாம்” என்கிறார்கள். .303 செய்தவர்களிடமும் புதுச் சாமான்தான் இருந்தது. புதிது என்று அவர்கள் அளக்காமல் விடவில்லை.

குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்குத் தோட்டாவே கிடையாது, அதனால் ஹெட்ஸ்பேஸும் கிடையாது என்று சிலர் வாதாடலாம். அப்படியானால் அதன் நிலை இன்னும் மோசம். என்ன எஃகு என்று தெரியாத குழல், பின்முனையை அடைத்த பற்றவைப்பு, கண்ணளவில் கொட்டும் கருமருந்து: இதில் அளப்பதற்கென்று எதுவுமே இல்லை. துப்பாக்கிக் குழல்களை மிகை மருந்திட்டு வெடித்துப் பார்த்து முத்திரையிட இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1813இலேயே சட்டப்படி சோதனைச் சாலை அமைத்தார்கள். ஆசாரிகள் நிறைந்த ஊர்தான் அதுவும்.

“நேற்றுச் சுட்டேன், ஒன்றும் ஆகவில்லை” என்பவர்கள் 1844 பிப்ரவரி 28ஐத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கப் போர்க்கப்பல் பிரின்ஸ்டனில் விருந்தினர் முன்னால் ஒரு பெரும் பீரங்கியைச் சுட்டுக் காட்டினார்கள். அன்றைக்கே ஒழுங்காக வெடித்த பீரங்கி அது. மறுபடி சுட்டபோது குழல் பிளந்து, வெளியுறவு அமைச்சரும் கடற்படை அமைச்சரும் உட்பட ஆறு பேர் செத்தார்கள். விரிசல் ஒவ்வொரு வெடியிலும் உள்ளுக்குள் வளரும். முந்தைய வெடிகள் தந்தது நற்சான்று அல்ல, தேய்மானம்.

தொப்பூர்க்காரர்களுக்கு இது புரியாமல் இருக்க வழியில்லை. டீசல் மிச்சம் என்று கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் விடும் லாரி டிரைவரும் “இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை” என்றுதான் சொல்கிறார். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் நாளில் முன்னால் போகும் கார்களில் இருப்பவர்கள் சாகிறார்கள். வீட்டுத் தயாரிப்பு உயிர் குடிப்பதும் இங்கே புதிதல்ல: இதே மாவட்டத்தில் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் கள்ளத்தனமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு அநாதையாயின. அந்த வேலியும் வீட்டுத் தயாரிப்புதான்.

ஆயுதச் சட்டம் 1959இன்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்வது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. அதனால்தான் நாட்டுத் துப்பாக்கி வைக்கோல் போருக்குள்ளும் பாறை இடுக்கிலும் ஒளிகிறது, ஈரத்தில் துருவேறுகிறது. ஒளித்து வைத்ததை எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோய் அளப்பது? .303க்குக் கிடைத்த நான்கு முன்தலைகளும் கேஜும் இதற்கு ஒருநாளும் கிடைக்கப் போவதில்லை. ஆகவே, அளந்துவிட்டுச் சுடலாம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. சுடவே கூடாது.

துப்பாக்கியை விட்டுவிட்டால், காட்டுப்பன்றி தின்ற நிலக்கடலைக்கு யார் பதில் சொல்வது என்ற விவசாயியின் கோபம் நியாயமானது. 2025 தொடக்கத்தில் அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வனத்துறை சுடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவருக்கு இதனால் என்ன பயன்? அவருக்கு இழப்பீடு அறுவடைக்குள் கைக்கு வரவேண்டும். துப்பாக்கியைத் தானாகக் கொண்டுவந்து கொடுப்பவர் மீது வழக்கு இல்லை என்று எழுத்தில் சொல்லி, தொப்பூர்ப் பகுதி ஊராட்சி அலுவலகங்களிலேயே மாவட்ட நிர்வாகம் வாங்கிக்கொள்ள வேண்டும். இவை இரண்டையும் செய்யாமல் அறிவிப்பு மட்டும் ஒட்டினால், டீக்கடைத் தலையாட்டல் தொடரத்தான் செய்யும்.