எய்யாத அம்பின் வலிமை

மனிதன் கண்ட கருவிகளுள் வில் மிகத் தொன்மையானது. தமிழில் அம்புக்குக் கணை, வாளி, பகழி, கோல் எனப் பல பெயர்கள் வழங்குவதே நம் முன்னோர் அதனோடு கொண்டிருந்த நெருக்கத்தைக் காட்டும். நபிமொழிகள் விற்பயிற்சியை ஊக்குவித்துள்ளன. 14ஆம் நூற்றாண்டில், மம்லூக்கியர் ஆட்சிக் காலத்தில், விற்கலையின் நுட்பங்களை விளக்கும் நூல்கள் அரபு மொழியில் எழுந்தன. போர்க்களத்தை விட்டு வில் நீங்கி நெடுங்காலம் ஆயிற்று. ஆயினும் அது இன்று கணினித் திரை வழியே நம் இளைஞர் கைகளில் மீண்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டை அறியாத மாணவர் இன்று அரியர். சுவீடன் நாட்டு மோஜாங் நிறுவனம் இதன் முழு வடிவத்தை 2011 நவம்பரில் வெளியிட்டது. 2023ஆம் ஆண்டிற்குள் முப்பது கோடிப் படிகளுக்கு மேல் இது விற்பனையாகிவிட்டது. கட்டங்களை அடுக்கி வீடும் கோட்டையும் எழுப்புவதே இதன் அடிப்படை எனினும், இருவர் எதிரெதிர் நின்று வில்லால் மட்டுமே பொருதும் ஆட்டமும் இதில் நடைபெறுகிறது. அந்த ஆட்டத்தில் வெல்லும் வழி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதென்ன, தமிழ்த்துறை மலரில் எழுதத்தக்க பொருளா எனச் சிலர் வினவக்கூடும். இவ்விளையாட்டு வெறும் கைவேகம், அறிவுக்கு இங்கு வேலையில்லை என்பது பெரியோர் பலரின் கருத்து. வியப்பு யாதெனில், புதிதாக ஆடவரும் இளைஞரும் அவ்வாறே எண்ணுகின்றனர். விரைந்து விரைந்து எய்தால் வென்றுவிடலாம் என நம்பித் தோற்கின்றனர். எய்யும் வேளையையும் எய்யாதிருக்கும் வேளையையும் பகுத்தறிபவனுக்கே இங்கு வெற்றி என்பது என் துணிபு. கணினியில் ஆடப்பெறும் ஜாவா பதிப்பின் விதிகளைக் கொண்டே இதனை நிறுவலாம்.

முதலாவது, நாண். அம்பைத் தொடுத்து நாணை முழுதும் இழுக்க ஒரு விநாடி ஆகிறது. முழுதும் இழுத்து விட்ட அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 60 மீட்டர் வேகத்தில் புறப்படும். அரைகுறையாக இழுத்து விட்டால் வேகமும் குறையும், தாக்கும் வலிமையும் குறையும். மேலும், ஒருமுறை அடிபட்டவனுக்கு அரை விநாடி இடைவெளி உண்டு. அதற்குள் அதே வலிமையுள்ள அம்பு மீண்டும் பட்டாலும் அவனுக்குத் தீங்கு நேராது. ஆகவே, அவசரக்காரன் மாரியெனப் பொழியும் அம்புகளிற் பல வீணே கழிகின்றன.

இரண்டாவது, இலக்கு. முப்பது மீட்டர் தொலைவில் நிற்பவனை நோக்கி நேர்கிடையாக எய்த அம்பு அங்குச் சென்றடைய அரை விநாடிக்குச் சற்று மிகுதியாகும். அதற்குள் அது இரண்டு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிடும். இது ஓர் ஆட்டக்காரனின் உயரத்தினும் மிகுதி. எதிராளி அப்போது குறுக்கே ஓடிக்கொண்டிருப்பின், அதே நேரத்தில் ஏறத்தாழ மூன்று மீட்டர் நகர்ந்திருப்பான். எனவே, அவன் இருக்கும் இடத்தைக் குறிவைப்பவன் தவறுவான். அவன் சென்று சேரப்போகும் இடத்தைக் கணித்து, சற்று உயர்த்தி எய்பவனே தைப்பான். குதித்து மேலெழுந்தவன் நடுவானில் பெரிதும் திசை மாற இயலாதாகையால், அவன் கால் ஊன்றப்போகும் இடத்தைக் கணிப்பது எளிது. தேவையின்றிக் குதித்துக்கொண்டே இருப்பவன் தன் வருகையைத் தானே அறிவிக்கிறான்.

மூன்றாவதும் தலையாயதும் பொறுமை. நாணை இழுத்துப் பிடித்திருப்பவனின் நடை மிகவும் தளர்ந்துவிடும். அவன் ஓடவும் இயலாது. அதாவது, தாக்க முனையும் கணத்திலேயே அவன் தாக்கப்படுவதற்கும் எளியவனாகிறான். ஆதலால் தேர்ந்த ஆட்டக்காரன் மதிலுக்கோ மேட்டுக்கோ பின்னிருந்து நாணை இழுத்துக்கொண்டு, கணநேரம் வெளிப்பட்டு எய்து மறைகிறான். எதிராளியின் அம்பு விடுபட்டுப் பொய்த்த அந்த நொடியே அவன் காத்திருந்த வேளை. மறு அம்பை முழு வலிமையோடு எய்ய எதிராளிக்கு இன்னும் ஒரு விநாடி வேண்டும். அந்த ஒரு விநாடி காத்திருந்தவனுக்கு உரியது. 2016 முதல் இவ்விளையாட்டில் கேடயமும் உண்டு. அது முன்புறத்து அம்புகளைத் தடுக்கும்; ஆனால், கேடயத்தை ஏந்தி நிற்கும் வரை எய்ய முடியாது. காப்பையும் தாக்குதலையும் ஒருசேரக் கைக்கொள்ள இவ்விதிகள் எவ்விடத்தும் இடந்தரவில்லை.

இவற்றோடு எதிராளியின் வழக்கத்தை அறிதலும் வேண்டும். ஒருவன் எப்போதும் இடப்புறமே விலகுகிறானா, அடிபட்டவுடன் பின்வாங்குகிறானா, சினந்து முன்பாய்கிறானா என்பன முதற்சில அம்புகளிலேயே புலப்படும். அவன் வழக்கத்தை அறிந்து, தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டே இருப்பவன் பாதி வென்றவனாகிறான். மதிலின் ஒரே பக்கத்திலிருந்து மும்முறை வெளிப்படுபவன், மூன்றாம் முறை அங்கே ஓர் அம்பு காத்திருப்பதைக் காண்பான்.

இனி, இந்நுட்பங்களை இம்மலரில் எடுத்துரைத்ததன் காரணத்தைச் சொல்ல வேண்டும். தொலைவு, வேகம், வீழ்ச்சி, எதிராளியின் மனம் ஆகிய அனைத்தையும் அரை விநாடியில் கணிக்கும் மாணவனை நாம் 'ஒன்றுக்கும் உதவாதவன்' என்று ஏசுகிறோம். அவனும் நம்மை 'ஒன்றும் அறியாதவர்' என்று எண்ணி, கதவைச் சாத்திக்கொள்கிறான். இவ்விடைவெளியின் இழப்பு இரு தலைமுறைக்கும் உரியது. இரவு நெடுநேரம் விழித்தாடி, சிவந்த கண்களோடு வகுப்பில் அமரும் பிள்ளையின் நலனில் அக்கறை கொள்வது நம் கடமையே. ஆயின், அவன் ஆட்டத்தை அறியாமல் அதனைப் பழிப்பவரின் சொல் அவன் செவியில் ஏறாது. "நீ எப்போது எய்வாய்? எப்போது பொறுத்திருப்பாய்?" என்று முதலில் அவனிடம் கேட்டறிவோம். எதிராளியின் முன் தன் கையை அடக்கத் தெரிந்தவனுக்கு, நள்ளிரவில் திரையின் முன்னும் கையை அடக்க இயலும் என்று அதன்பின் எடுத்துச் சொல்வோம். அவன் அறிந்த கலையிலிருந்தே அவனுக்குரிய அறிவுரையைப் பெற்றுத் தருதல் ஆசிரியர்க்கு அழகு.

தமிழ்த்துறைக்கும் இதில் ஒரு பணி உண்டு. தொடுத்தல், வாங்குதல், எய்தல் என விற்செயலின் ஒவ்வொரு படிக்கும் தனிச்சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆயினும், தான் ஆடிய ஆட்டத்தைத் தமிழில் நான்கு வரி எழுதச் சொன்னால் நம் மாணவன் திகைத்து நிற்கிறான். அடுத்த கட்டுரைப் பயிற்சிக்கு இதனையே தலைப்பாகத் தந்து பார்க்கலாம். அவன் எழுதட்டும், நாம் படிப்போம். அவன் அறிந்ததை நாமும், நாம் அறிந்ததை அவனும் பெறுதற்கு அது நல்லதொரு தொடக்கமாகும்.