மகனின் கண்ணையும் பழக்குங்கள்



உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு பல வீடுகளில் மோட்டார் சைக்கிள் பேச்சுத் தொடங்கிவிடும். வாப்பா தயங்குவார். மகன் உம்மாவைப் பிடிப்பான். உம்மா பரிந்து பேசுவார். 18 வயதாகிவிட்டது, சாரதி அனுமதிப்பத்திரமும் கிடைத்துவிட்டது, இனி என்ன பயம் என்று சாவி கைமாறும். அந்தச் சாவியைக் கொடுக்குமுன் சில விடயங்களைச் சிந்தியுங்கள்.

பிள்ளையின் கையும் காலும் பழகிவிட்டன, வீதிச் சட்டங்களை அவன் அறிவான் என்பதற்கே அனுமதிப்பத்திரம் சாட்சி. அவனது கண் பழகிவிட்டது என்பதற்கு அது சாட்சியல்ல. புதிதாக ஓட்டுபவரின் பார்வை வண்டிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடும். அனுபவசாலியின் பார்வையோ தூரத்தே சென்று, இரு ஓரங்களையும் கவனித்து, கண்ணாடியையும் பார்த்துத் திரும்பும். பிரித்தானியாவில் 2002ஆம் ஆண்டு முதல் சாரதிப் பரீட்சையில் இதற்கென ஒரு தனிப் பகுதி உண்டு. வீதிக் காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு, ஆபத்து உருவாகும்போதே பரீட்சார்த்தி அதைக் கண்டுகொள்கிறாரா என்று சோதிக்கிறார்கள்.

நமது வீதிகளிலும் ஆபத்துக்கு முன் அடையாளங்கள் உள்ளன. நிறுத்திய பஸ்ஸின் முன்னாலிருந்து ஒரு குழந்தை ஓடி வரலாம். பந்து உருண்டு வந்தால் பின்னால் சிறுவன் வருவான். ஓரத்தில் நிற்கும் முச்சக்கர வண்டியின் முன்சக்கரம் அசைந்தால், சைகை காட்டாமலே அது திரும்பக்கூடும். நிறுத்திய வேனுக்குள் ஆள் தெரிந்தால் கதவு திறபடலாம். நீண்ட வெயிலுக்குப் பின் பெய்யும் முதல் மழையில் தூசும் எண்ணெயும் கலந்து வீதி வழுக்கும். கிழக்கில் இரவு நேரம் வீதியில் மாடுகள் படுத்திருக்கும். அறுவடைக் காலத்தில் பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டிகள் செல்லும். ஹபரணைப் பக்கம் என்றால் யானை குறுக்கிடும்.

மணிக்கு 50 கிலோ மீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றரைக் கடந்துவிடும். கண் கண்டு, மனம் விளங்கி, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்த ஒரு செக்கன் போய்விடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். எனவே கையின் சுறுசுறுப்பை நம்பிப் பயனில்லை. முன்கூட்டியே கண்டு வேகத்தைக் குறைப்பவனே தப்புவான்.

"நான் சைக்கிள்கூட ஓட்டாதவள், நான் எப்படிப் பழக்குவது?" என்று கேட்பீர்கள். உங்களால் முடியும். பஸ்ஸிலோ வேனிலோ மகனோடு செல்லும்போது முன் ஆசனத்தில் அமருங்கள். "மகன், அந்தச் சந்தியில என்ன வரலாம்? நீ ஓட்டினா இப்ப என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அவன் வாயால் சொல்லட்டும். சொல்லச் சொல்லக் கண் தானாகத் தேடத் தொடங்கும். மகள் ஸ்கூட்டர் ஓட்டப் பழகினாலும் இதே பாடம்தான்.

முதல் சில மாதங்களுக்கு இரவிலும் மழையிலும் ஓட்டுவதில்லை, நண்பர்களைப் பின்னால் ஏற்றுவதில்லை, தலைக்கவசத்தின் பட்டியைப் பூட்டாமல் புறப்படுவதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். நீங்களும் ஒன்றைக் கைவிட வேண்டும். அவன் வழியில் இருக்கும்போது, "எங்க வாறாய்?" என்று தொலைபேசி எடுக்காதீர்கள். நோன்பு திறக்க நேரமாகிறது என்று அவசரப்படுத்தவும் வேண்டாம். ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்தனுப்புங்கள். வழியில் நிறுத்தி நோன்பு திறக்கட்டும்.

நடையில் நடுநிலை பேணும்படியும் குரலைத் தாழ்த்தும்படியும் லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்கு உபதேசித்ததை அல்குர்ஆனில் ஓதுகிறோம். இன்று நம் பிள்ளைகளின் நடை மோட்டார் சைக்கிளாகவும், குரல் ஹோன் சத்தமாகவும் மாறியிருக்கின்றன. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று கற்ற சமூகத்தில், நம் பிள்ளையே பாதைக்கு இடையூறாகலாமா?

விபத்து நடந்த பின் "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்கிறோம். அது உண்மை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படியே நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். தவறுதலாக ஒரு மூமினின் உயிரைப் போக்கியவர் மீதும், அவருடைய குடும்பத்தார் விட்டுக்கொடுத்தாலன்றி நஷ்டஈட்டையும், அடிமையை விடுதலை செய்ய இயலாதவருக்கு இரண்டு மாதத் தொடர் நோன்பையும் ஸூரா அந்நிஸாவின் 92ஆம் வசனம் விதிக்கிறது. "வேண்டுமென்று செய்யவில்லை" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும் காரியமல்ல இது. இன்னொரு தாயின் பிள்ளையும் அதே வீதியில்தான் நடக்கிறது.

நம் பிள்ளைகளையும் பிறர் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.