அண்மையும் உறவும்

தாமிரபரணியின் மணலிற் கிடக்கும் கூழாங்கல்லொன்றைக் கண்டு, அருகிலுள்ள பாறையே அதன் பிறப்பிடம் என்று ஒருவன் கூறின், அவன் பிழைபடவும் கூடும். அது மேற்கு மலையிற் பிறந்து, வெள்ளத்தால் உருண்டு வந்ததாயிருக்கலாம். வானநூலார் ஆராய்ந்துவரும் வினா ஒன்றிற்கு இவ்வுவமை பொருத்தமுடையது.

நம் சூரியன் வீசும் முழு ஒளியினும் இரண்டரை லட்சம் மடங்கிற்கு மேற்பட்ட ஆற்றலை, எக்ஸ் கதிர்களாக மட்டுமே சொரியும் பொருள்கள் பிற நட்சத்திர மண்டலங்களில் உள. 1999-ஆம் ஆண்டில் விண்ணிற் செலுத்தப்பட்டதும், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகரின் பெயர் தாங்கியதுமான சந்திரா தொலைநோக்கி இவற்றின் இடங்களை நுட்பமாகக் காட்டிற்று. இவற்றுட் பல, இளமையும் பெருநிறையும் வாய்ந்த விண்மீன் கொத்துகளின் அயலிற் காணப்படுகின்றன. அக்கொத்துகளே இவற்றை ஈன்றனவோ?

ஏறத்தாழ 1.2 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம் 82 என்னும் மண்டலத்தில் இத்தகைய பொருளொன்று ஒரு கொத்தின் அருகே உளது. அக்கொத்தின் நெருக்கத்தில் விண்மீன்கள் மோதி ஒன்றாகி, முடிவில் சூரியனைப் போல் பன்னூறு மடங்கு நிறையுள்ள கருந்துளையாயிருக்கலாம் என்று 2004-இல் கணக்கிட்டுக் காட்டினர். கருத்து கவர்ச்சியுடையதே. ஆயினும் 2014-இல், அதே மண்டலத்தின் மற்றோர் ஒளிமூலம் 1.37 விநாடிக்கு ஒருமுறை துடிப்பது தெரியவந்தது. அது கருந்துளையன்று, சுழலும் நியூட்ரான் விண்மீனே. பேரொளி பெருநிறைக்குச் சான்றாகாதென்பது இதனால் விளங்கிற்று.

இனி, ஆண்டென்னா எனப்படும் இரட்டை மண்டலங்களில் இப்பொருள்கள் பல, கொத்துகளின் உள்ளே இராமல் சற்று விலகி நிற்கின்றன. உடன்பிறந்த விண்மீன் வெடித்த அதிர்ச்சியாலோ, கொத்தின் நெருக்கத்தாலோ அவை வெளியே எறியப்பட்டிருக்கலாம். அங்ஙனமாயின் அவை வெள்ளம் உருட்டிய கல்லையே ஒக்கும்.

ஆகலின் அண்மை என்பது ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றித் தீர்ப்பன்று என்பதே எமது துணிபு. கொத்துகள் மலிந்த இடத்தில் எப்பொருளுக்கும் அயலில் ஒரு கொத்து தற்செயலாகவே வாய்க்கும். கொத்தின் வயது யாது, விலகிய தொலைவு எவ்வளவு, அத்தொலைவைக் கடக்க எத்துணைக் காலம் வேண்டும் என்பவற்றை வினவிய பின்னரே உறவு கூறுதல் முறையாகும்.

மாணவ நண்பர்களே! இவ்வினாக்கள் நமக்கு எட்டாதன அல்ல. 2015 செப்டம்பர் 28-இல் ஆஸ்ட்ரோசாட் என்னும் நம் நாட்டு விண்ணோக்ககத்தை ஏந்திச் சென்ற ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் இயங்கியது விகாஸ் எந்திரம். அவ்வகை எந்திரங்கள் சோதிக்கப்படுவது நம் மாவட்டத்து மகேந்திரகிரியிலேயே. ஆஸ்ட்ரோசாட்டும் சந்திராவும் திரட்டிய பதிவுகள் கற்போர் யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. கருவியில்லை என்னும் சாக்கு இனிச் செல்லாது. கண்டவுடன் முடிவு கூறாத பொறுமையொன்றே நாம் தேடிக்கொள்ள வேண்டிய கருவி.