வெடித்த விண்மீனின் வடிவமும் நம் வகுப்பறையும்

கி.பி. 1006-ஆம் ஆண்டில் வானில் புதிய விண்மீனொன்று திடீரெனச் சுடர்ந்தது. எகிப்து நாட்டு மருத்துவர் அலீ இப்னு ரிள்வான் அதனை நேரிற் கண்டு, வெள்ளியினும் பெரிதாகத் தோன்றியது என எழுதி வைத்தார். அது விண்மீனொன்றின் வெடிப்பு. இன்றைய அறிவியலார் அதனைச் சூப்பர்நோவா என்பர்.

இத்தகைய வெடிப்பு உருண்டையானதா, நீண்டதா? தொலைவிலுள்ள வெடிப்பு பெருந்தொலைநோக்கியிலும் வெறும் புள்ளியாகவே தெரியும். அப்புள்ளியின் வடிவத்தை உணர்த்துவது ஒளியின் தளவிளைவு. எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறும் ஒளி ஒரு திசையில் மிகுதியாக அதிரும். வெடிப்பு முழு உருண்டையாயின் அவ்வதிர்வுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். நீண்டிருப்பின் ஒரு திசை எஞ்சி நிற்கும். எஞ்சுவது பெரும்பாலும் நூற்றில் ஓரிரு பங்கே. 2024 ஏப்ரலில் கண்டறியப்பட்ட ஒரு வெடிப்பை மறுநாளே சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கியால் இவ்வாறு அளந்து, அது ஆலிவ் கனிபோல் நீண்டிருந்ததெனக் கண்டனர்.

இக்கணக்கிற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன் ஒளி எலெக்ட்ரான்களில் சிதறித் தளவிளைவு அடைவதை அவர் 1946-இல் கணித்துக் காட்டினார். அக்கல்லூரி திருவொற்றியூரிலிருந்து பேருந்தில் சென்று திரும்பும் தொலைவே. ஆயினும் நம் மாணவருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

குறை மாணவரிடம் இல்லை. பொருள் விளங்காது மனப்பாடம் செய்யப்பட்ட ஆங்கிலச் சொல் தேர்வோடு மறைகிறது. தமிழ்த்துறையோ அறிவியல் தனக்குரியதன்று என ஒதுங்கி நிற்கிறது. வேலைவாய்ப்பிற்கு ஆங்கிலமே வழி என்பர் சிலர். ஆங்கிலம் வேண்டாவென நாம் கூறவில்லை; விளங்கியதைப் பிறமொழியில் சொல்வது எளிது என்றே கூறுகிறோம். பாக்தாதில் கிரேக்க நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்ட பின்னரே இப்னுல் ஹைதமின் ஒளியியல் நூல் பிறந்தது. மொழியாக்கம் முந்தியது, கண்டுபிடிப்பு பிந்தியது.

எனவே இயற்பியல் துறையும் தமிழ்த்துறையும் ஆண்டுக்கொரு நூலேனும் இணைந்து எழுதுதல் வேண்டும். துறைமுக விளக்கும் ஆலைப்புகையும் வானை மறைக்கும் ஊர் நம்முடையது என்பது உண்மையே. எனினும், பிறை பார்க்க மாடியேறும் பெரியோர்களே, பேரக்குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சூரியன் மறையும் அவ்வேளையில் தளவிளைவுக் கண்ணாடித் தகடொன்றை உச்சிவானை நோக்கிப் பிடித்துச் சுழற்றச் செய்யுங்கள். தெளிந்த வானாயின் அது இருண்டும் ஒளிர்ந்தும் காட்டும். விண்மீனின் வடிவை அளந்த அதே விதியை அக்குழந்தை நம் மாடியிலேயே கண்டுவிடும். அதனை விளக்கும் தமிழ்ச் சொல்லை ஆயத்தமாக வைத்திருப்பது நம் கடமை.