சாவியைக் கொடுத்தவர் யார்?

சங்கத்துச் செய்திகளில் பெரும்பாலானவை இப்போது வாட்ஸ்அப்பில்தான் போகின்றன. கூலிப் பாக்கி விவரம் முதல் ஊர்வலத் தேதி வரை அதில்தான். "பூட்டுப் போட்டுத்தானே போகிறது, யார் படிக்க முடியும்?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். பூட்டு இருக்கட்டும். சாவியைக் கொண்டுவந்து கொடுத்தவர் யார்?

முன்பின் அறியாத இருவர் கணினி வழியே ரகசியம் பேசப் பொதுச் சாவி ஒன்று வேண்டும். 1978-இல் நீடம், ஷ்ரோடர் என்ற இரு அறிஞர்கள் ஒரு வழி சொன்னார்கள். இருவரும் நம்பும் சர்வர் ஒன்று நடுவில் இருக்கும். அது புதுச் சாவி செய்து, அவரவர் மட்டுமே திறக்கக்கூடிய இரண்டு உறைகளில் இட்டு, கேட்டவரிடம் கொடுக்கும். அவர் ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை எதிர்ப்பக்கம் சேர்ப்பார். 1981-இல் டென்னிங், சாக்கோ இருவரும் இதில் ஓட்டை கண்டார்கள். பழைய சாவி ஒன்று திருடனிடம் சிக்கினால், அதன் பழைய உறையையே மறுபடி நீட்டி அவன் உள்ளே வந்துவிடலாம். உறையில் நேரம் குறியுங்கள் என்றார்கள். எம்.ஐ.டி.யில் உருவான கெர்பரோஸ் அப்படித்தான் செய்கிறது. நேரம் குறித்த அந்தச் சீட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே டிக்கெட்! நேற்றைய டிக்கெட்டில் இன்று ஏற முடியாது என்பதை ரயில்வேக்காரர்களுக்கு விளக்க வேண்டுமா?

ஆனால் அந்த ஏற்பாட்டில் நடுவர் எல்லாச் சாவிகளையும் அறிவார். வாட்ஸ்அப் அந்த ரகமல்ல. ரகசியச் சாவி நம் கைபேசியிலேயே உண்டாகிறது, கம்பெனிக்குப் போவதில்லை. ஆயினும் "உன் தோழரின் பூட்டு இதுதான்" என்று எடுத்துத் தருவது கம்பெனியின் சர்வரே. பூட்டை மாற்றிக் கொடுத்தால் நடுவில் உட்கார்ந்து இரு பக்கமும் படிக்கலாம். அப்படி நடந்தது என்று நாம் சொல்லவில்லை. சாவிப் பதிவேட்டை வெளியார் தணிக்கை செய்யும் ஏற்பாட்டைக் கம்பெனி 2023-இல் அறிவித்தது, நல்லதுதான். ஆனால் செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டச் சொல்லும் விதிகளை மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்தபோது, கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நடுவில் இருப்பவர் கதவைத்தான் அரசு தட்டும். அவர் திறப்பாரா மாட்டாரா என்பதில் நம் தொழிலாளியின் வேலை தொங்கக் கூடாது.

சோதிக்க வழி நம் கையிலேயே இருக்கிறது. உரையாடலில் பெயரைத் தொட்டால் உள்ளே 60 இலக்க எண் ஒன்று கிடைக்கும். இருவர் கைபேசியிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிக் கேட்பது வீண் வேலை. நேரில் பார்க்க வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு நிர்வாகக் குழுவினர் கால் மணி முன்னதாகவே கைபேசியோடு வரட்டும். புதுக் கைபேசி வாங்கியவர்கள் மறுபடியும் காட்ட வேண்டும்.