ஏழாவது படி கத்துது பாஸ்!

நடுராத்திரி பன்னெண்டேகால். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுகிறோம். ஆறு படி வரைக்கும் நோ பிராப்ளம். ஏழாவதில் கால் வைத்ததும்... க்ரீ...ச்! கீழே தாத்தா இருமுகிறார். பாட்டி லைட்டைப் போடுகிறார்.

திருவல்லிக்கேணியில் நாங்கள் மூணு பேர் இருக்கிற மாடி போர்ஷனுக்கு ஒரு மரப் படிக்கட்டு. மொத்தம் பதினேழு படி, எல்லாம் அந்தக் காலத்துத் தேக்கு. அதை ஒட்டின கூடத்தில்தான் ஹவுஸ் ஓனர் தாத்தாவின் கட்டில். அவருக்கு ஆபரேஷன் ஆகி ஒரு மாசம். கண்ணை மூடுவதே பெரும்பாடு. அந்த நேரம் பார்த்து நாங்கள் ஏறினால்? பாட்டி திட்டவில்லை. "பரீட்சை முடிஞ்சதும் வேற இடம் பாத்துக்கங்கப்பா" என்றார், அவ்வளவுதான். அதுக்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம். பேச்சிலர்களுக்கு வீடு தேடி அலைந்திருந்தால் உங்களுக்கே புரியும்.

சரி, நாமே சரி பண்ணுவோம் என்று முதலில் தேங்காய் எண்ணெய் விட்டோம். ரெண்டு நாள் சத்தமே இல்லை. மூணாவது நாள் தூசி அப்பி, படி கறுத்து, ரூம்மேட் வழுக்கி விழப் பார்த்தான். மரத்துக்கு எண்ணெய் விடவே விடாதீங்க மக்களே!

எதிர்த்தெரு கார்ப்பென்டர் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மரம் வெயில்ல சுருங்கும், மழையில உப்பும் தம்பி. இத்தனை வருஷத்துல ஆணி லூஸாயிடுச்சு. மிதிக்கிறப்போ பலகையும் பலகையும் உரசிக் கத்துது. ஆடுறதை நிறுத்து, சத்தம் தானா நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன் படிக்கட்டு. ஒருத்தன் மேலே மெதுவாக நடக்க, நான் கீழே உட்கார்ந்து காது கொடுத்து, சத்தம் வருகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். மொத்தம் நாலு குற்றவாளிகள். அண்ணன் ஸ்க்ரூடிரைவர் முனையால் பக்கப் பலகையைக் குத்திப் பார்த்தார். பொதபொதவென்று உள்ளே போனால் கரையான், அப்புறம் நம்ம வேலை அங்கே கிடையாது, பலகையையே மாத்தணுமாம். நல்லவேளை, கெட்டியாக இருந்தது.

இடுக்கில் இருந்த அழுக்கைச் சுரண்டி, மெல்லிய மர ஆப்பில் ஃபெவிகால் தடவி, அடியிலிருந்து தட்டிச் செருகினோம். வீரத்தைக் காட்டி ஓங்கி அடித்தால் இடுக்கு இன்னும் பெரிசாகி, புதுசாக ஒரு சத்தம் பிறக்கும். ஏழாவது படி அதற்கும் மசியவில்லை. சின்ன ஓட்டை போட்டு, அப்புறம் ஸ்க்ரூ முடுக்கினோம். தேக்கில் ஓட்டை போடாமல் முடுக்கினால் ஒண்ணு மரம் பிளக்கும், இல்லை ஸ்க்ரூ ஒடியும். ஆணி வேண்டாம், கொஞ்ச நாளில் அது மறுபடி லூஸாகும். மூணாவது படிக்கு அடியில் கை நுழையவில்லை. மேலேயிருந்து இடுக்கில் முகப்பவுடரைக் கொட்டித் துணியால் தேய்த்தோம். அது தற்காலிகம்தான், அடிக்கடி போடணும். ஃபெவிகால் காய்கிற வரைக்கும், ஒரு ராத்திரி முழுக்க, அந்தப் படிகளை எல்லாம் தாண்டித் தாண்டித்தான் ஏறினோம்.

ரெண்டு நாள் கழித்துக் காலையில் தண்ணி பிடிக்கப் போனபோது பாட்டி முகத்தில் ஒரு தெளிச்சி. "தாத்தா விடியற வரைக்கும் நல்லா தூங்கினார்ப்பா. சத்தமே கேக்கலையே, ராத்திரி நீங்க வரலையா?"

"பன்னெண்டரைக்கே வந்துட்டோம் பாட்டி!" என்றான் ரூம்மேட், பெருமையாக.

அந்த வீட்டில் பத்து மணிக்கு மேல் வரக் கூடாது என்பது ரூல்.