இரண்டு பவுன் தண்டம்

எடின்பரோவில் மகள் வீட்டுக்கு வந்த ஐந்தாவது வாரம் கோல்ஃப் ஆட ஆரம்பித்தேன். எழுதிவிட்டு நானே ஒரு தடவை திரும்பப் படித்துக்கொண்டேன். வயது அறுபத்துநாலு. பென்ஷன்காரன். இடது முட்டியில் வலி, காலையில் எழுந்ததும் பத்து நிமிஷம் முரண்டு பிடிக்கும். இன்றைய தேதிவரை இந்த ஆட்டத்துக்கு ஆன மொத்தச் செலவு பதினோரு பவுன், நம் பணத்தில் ஆயிரத்து இருநூறு முந்நூறு ரூபாய். அதிலும் இரண்டு பவுன் தண்டம். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

என் தலைமுறைச் சென்னைக்காரனுக்கு கோல்ஃப் என்றால் மதில் சுவர். நான் வேலை பார்த்த காலத்தில் நந்தனத்தில் ஒன்று, கிண்டி ரேஸ் கோர்ஸ் வளையத்துக்குள் ஒன்று. இரண்டையும் தாண்டி இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்ததுகூட இல்லை. கொடைக்கானலில் பில்லர் ராக்ஸ் போகிற வழியில் டூர் வேன்காரர் நிறுத்தி, "கோல்ஃப் கிரவுண்டு சார், இறங்கிப் பாருங்க" என்றார். வேலிக்கு இந்தப் பக்கம் குடும்பத்தோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். அதுதான் எனக்கும் கோல்ஃபுக்கும் இருந்த பந்தம்.

இங்கே பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில் ஒரு புல்வெளி. பெயர் பிரண்ட்ஸ்ஃபீல்ட் லிங்க்ஸ். மதில் இல்லை, கேட் இல்லை, வாட்ச்மேன் இல்லை. நாய்கள் ஓடுகின்றன, கல்லூரிப் பிள்ளைகள் போர்வை விரித்துப் படுத்திருக்கிறார்கள், தூரத்தில் ஆர்தர்ஸ் சீட் என்கிற குன்று. நடுநடுவே புல்லில் சின்னச் சின்னக் கொடிகள். யாரோ ஒரு அம்மாள் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, மட்டையை எடுத்து ஒரு பந்தைத் தட்டி, பையை எடுத்துக்கொண்டு பந்தின் பின்னால் நடந்தாள். காய்கறிக் கடைக்குப் போகிற வழியில் ஆடுகிற மாதிரி இருந்தது. விசாரித்தால், கோடையில் முப்பத்தாறு குழி, பெரும்பாலும் நூறு கஜத்துக்குள். மாநகராட்சி பராமரிக்கிறது. காசு கிடையாது, டிக்கெட் கிடையாது, பெயர் எழுத ஒரு நோட்டுகூடக் கிடையாது. மட்டையும் பந்தும் நாம் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

மைதானத்தின் ஓரத்தில் கோல்ஃப் டேவர்ன் என்று ஒரு மதுக்கடை, தன் பிறந்த வருஷம் 1456 என்று சொல்லிக்கொள்கிறது. நம்புவது அவரவர் இஷ்டம். ஆனால் அதற்கு அடுத்த வருஷம், 1457-இல், ஸ்காட்லாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் கோல்ஃபுக்குத் தடை போட்டது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஜனங்கள் வில்வித்தை பழகாமல் பந்து தட்டிக்கொண்டு திரிகிறார்களாம். கனவான்கள் மட்டும் ஆடுகிற ஆட்டத்தை நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று எந்த ராஜாவும் தடை செய்ய மாட்டான். ஊரே ஆடியிருக்கிறது.

பார்த்துக்கொண்டே இருந்ததில் புரிந்துபோயிற்று: இது கோலிதான். தஞ்சாவூர்ப் பக்கம் தெருமண்ணில் குதிகாலால் குழி பறித்து, கோலிக்குண்டைச் சுண்டிக் குழியில் விழ வைப்போமே, அதே ஆட்டம். விரலுக்குப் பதில் மட்டை. தோற்றவன் முட்டியால் குண்டைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற தண்டனை மட்டும் இங்கே இல்லை. நல்லவேளை, என் முட்டி தாங்காது.

மட்டைக்கு எங்கே போவது? மருமகனிடம் கேட்டேன். "மாமா, புது செட்டு வாங்கினா முந்நூறு நானூறு பவுன் ஆயிடும். சாரிட்டி ஷாப்ல பாருங்க" என்றான். இறந்துபோனவர்களின், வீடு மாறினவர்களின் சாமான்களை நன்கொடையாக வாங்கி, விற்ற பணத்தை தர்ம காரியத்துக்குக் கொடுக்கும் கடைகள். தெருவுக்கு நாலு இருக்கின்றன. அப்படி ஒரு கடையின் மூலையில், குடைகளும் கைத்தடிகளும் செருகிய வாளியில், நாலைந்து கோல்ஃப் மட்டைகள். ஏழாம் நம்பர் இரும்பு மட்டை இரண்டு பவுன். குட்டையான தூரத்துக்குப் பந்தை உயரத் தூக்கிப் போடுகிற வெட்ஜ் மூன்று பவுன். புல்லில் உருட்டிக் குழிக்குள் தள்ளுகிற மட்டை நாலு பவுன். இந்தக் கடைசி மட்டைக்கு 'பட்டர்' என்று பெயர். பட்டர் என்றால் நமக்கு ஒன்று வெண்ணெய், இல்லாவிட்டால் பெருமாள் கோயில் பட்டர். இது மூன்றாவது. ஒரு வலைப்பையில் பன்னிரண்டு பழைய பந்துகள் இரண்டு பவுன். ஒன்றில் ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தது.

ஏழாம் நம்பரின் ரப்பர் பிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. மருமகனின் டூல் பாக்ஸிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, சைக்கிள் ஹேண்டில்பாருக்குச் சுற்றுகிற மாதிரி இழுத்து இழுத்துச் சுற்றினேன். நல்ல பிடிப்பு. மறுநாள் காலை களத்தில் இறங்கினேன்.

வெட்ஜில் அடித்தால் பந்து ஏதோ போகிறது. ஏழாம் நம்பரில் அடித்தால் தரையோடு சீறிக்கொண்டு பக்கவாட்டில் பாய்கிறது. ஒன்று போர்வையில் படுத்திருந்த பிள்ளைகளின் காபிக் குவளைக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. மூன்று நாள் இப்படி. என் உடம்பு வளையவில்லை, வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவர் சற்று நேரம் நின்று பார்த்தார். அப்புறம், மிகவும் மரியாதையாக, "நீங்கள் இடது கை ஆட்டக்காரரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மட்டை இடது கை" என்றார். நான் மூன்று நாளாக மட்டையின் முதுகால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிரிக்கெட் மட்டைக்கு இடம் வலம் கிடையாது. இதற்கு உண்டு என்று யார் கண்டது! அதுதான் அந்த இரண்டு பவுன்.

பெரியவர் சிரிக்கவில்லை. நாய் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தது. "இந்த மைதானத்துக்கு அது வேண்டவே வேண்டாம். வெட்ஜும் பட்டரும் போதும்" என்றார். அவர் சொன்னது சரி. இப்போது இரண்டோடுதான் ஆடுகிறேன்.

விதிப்படி ஒருவர் பதினாலு மட்டைவரை வைத்துக்கொள்ளலாம். அது உச்சவரம்பு. கடைக்காரர்கள் அதைக் குறைந்தபட்சத் தேவை மாதிரி விற்கிறார்கள். 1930-களில் ஆளாளுக்கு இருபது, இருபத்தைந்து என்று சுமக்க ஆரம்பித்ததால்தான் 1938-இல் அமெரிக்காவிலும் மறு வருஷம் பிரிட்டனிலும் அந்த வரம்பைக் கொண்டுவந்தார்கள். 1916-இல் சிக் எவன்ஸ் அமெரிக்க ஓபனை ஜெயித்தது ஏழே மட்டைகளை வைத்துக்கொண்டு. ஸ்பெயினின் செவி பாலஸ்டெரோஸ் சிறுவயதில் பெட்ரேன்யா கடற்கரை மணலில் ஆட்டம் பழகியது ஒரே ஒரு மூன்றாம் நம்பர் மட்டையால். மணல், குழி, மேடு, அலை ஈரம் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். பிற்காலத்தில் எந்த இடுக்கில் பந்து விழுந்தாலும் அவர் வெளியே எடுத்துவிடுவார் என்று உலகம் வியந்தது.

பந்துக்கு வருவோம். புதிதாக நல்ல ரகம் வாங்கினால் ஒரு டஜன் நாற்பது ஐம்பது பவுன். ஆட்டக்காரர்கள் குளத்தில் தொலைத்த பந்துகளை முக்குளிப்பவர்கள் இறங்கி அள்ளி, கழுவி, ஏ கிரேடு பி கிரேடு என்று தரம் பிரித்து விற்கிறார்கள். அதற்கு 'ஏரிப் பந்து' என்றே பெயர். என்னைப் போன்றவன் எப்படியும் தொலைக்கப்போகிற பந்து, ஏற்கெனவே ஒருவர் தொலைத்ததாக இருப்பதில் என்ன நஷ்டம்?

பந்து விலை என்பது இந்த ஆட்டத்தின் பழைய வியாதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பந்து என்றால் தோல் உறைக்குள் ஒரு தொப்பி நிறைய பறவை இறகை அவித்துத் திணித்துத் தைத்தது. தேர்ந்த கைவினைஞர் நாளைக்கு நாலு செய்தால் அதிகம். மழையில் நனைந்தால் ஊறிப் பிய்ந்துவிடும். ஏழைக்கு அங்கேயே ஆட்டம் முடிந்தது. அப்புறம் மலாயாக் காடுகளிலிருந்து கட்டாபெர்ச்சா என்கிற மரப்பால் வந்தது. அது வந்த விதம் பற்றி செயின்ட் ஆண்ட்ரூஸ் என்கிற ஊரில் ஒரு கதை சொல்வார்கள். 1840-களில் பாட்டர்சன் என்பவர் வீட்டுக்குக் கீழ்த்திசையிலிருந்து ஒரு விஷ்ணு சிலை வந்ததாம். உடையாமல் இருக்கச் சுற்றிலும் அடைத்திருந்தது இந்தப் பிசின். பிள்ளையாண்டான் அதை வெந்நீரில் இளக்கி உருட்டிப் பார்த்தான், பந்து ஆயிற்று. கதை எவ்வளவு நிஜமோ, 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா பந்து புழக்கத்துக்கு வந்தது நிஜம். பிய்ந்தால் வெந்நீரில் போட்டு மறுபடி உருட்டிக்கொள்ளலாம். இறகுப் பந்து செய்து பிழைத்த ஆலன் ராபர்ட்சனுக்கு இது பிடிக்கவில்லை. தன்னிடம் வேலை பார்த்த டாம் மாரிஸ் புதுப் பந்தால் ஆடியதைப் பார்த்துச் சண்டை வந்து இருவரும் பிரிந்தார்கள். அந்த மாரிஸ்தான் பின்னால் இந்த ஆட்டத்துக்கே தாத்தாவாக ஆனார். தச்சரும் மீனவரும் கோல்ஃப் ஆட முடிந்ததில் பெருமாளுக்கும் பங்கு உண்டு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். குழியின் விட்டம் விதிப்படி சரியாக 108 மில்லிமீட்டர். திவ்ய தேசக் கணக்கு! என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "வேலையப் பாருங்க" என்றாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின்ட் ஆண்ட்ரூஸ் போனோம். அங்கே ஓல்ட் கோர்ஸில் வெளியூர்க்காரர் ஒரு தரம் ஆட, சீசனில் முந்நூறு பவுனுக்கு மேல். அதற்கும் குலுக்கல். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, உலகப் புகழ்பெற்ற அந்தப் புல்லில் ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். நாங்களும் நடந்தோம். நிலம் ஊருடையது. ஜனங்கள் அங்கே ஆடலாம் என்று 1552-லேயே பேராயர் எழுதிக் கொடுத்த சாசனம் இருக்கிறது. ஊரில் குடியிருப்பவர்களுக்கு வருஷச் சீட்டு மலிவு. பக்கத்திலேயே 'ஹிமாலயாஸ்' என்று மேடு பள்ளமான ஒரு புல்தரை, பட்டரால் உருட்டி ஆட மட்டும். பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது அழகல்ல என்று நினைத்த காலத்தில், 1867-இல், அவர்களுக்கென்று ஏற்பட்டது. இப்போது சில பவுன் கொடுத்தால் யாரும் ஆடலாம், மட்டையும் பந்தும் அவர்களே தருவார்கள். இமயமலையில் பேரன் என்னை ஆறு அடி வித்தியாசத்தில் தோற்கடித்தான்.

மேற்குக் கரைத் தீவுகளில் இன்னும் எளிமையாம். ஆடு மேய்கிற மைதானம், ஆளில்லாத வாசல், ஓர் உண்டியல். காசைப் போட்டுவிட்டு ஆட வேண்டியது. இருட்டுகிற நேரத்துக்குக் கட்டணம் குறைக்கிற மைதானங்களும் உண்டு. ஜூனில் இங்கே இருட்டவே பத்து மணியாகிறது, சாயங்காலச் சீட்டில் முழு ஆட்டம் ஆடிவிடலாம்.

நம் நாட்டில் சுவருக்கு வெளியே இருந்தவன் எப்படி ஆடினான்? பை தூக்கி. மட்டைப்பை சுமக்கிறவருக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், தமிழில் எழுதினால் 'கேடி' என்று வந்து தொலைக்கிறது. 1991-இல் இந்தியன் ஓபனை ஜெயித்த முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் பை தூக்கியவர். 2009-இல் ஜெயித்த முனியப்பா, பெங்களூரில். 2016, 2017 இரண்டு வருஷமும் ஜெயித்த எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா கல்கத்தாவில் 1829-இல் தொடங்கிய ராயல் கிளப்பில் புல் பராமரித்த தொழிலாளி. மும்பை செம்பூரில் குடிசைப் பகுதிப் பையன்கள் கட்டடக் கம்பியை வளைத்து மட்டையாக்கி, பிளாஸ்டிக் பந்தைச் சந்துக்குள் அடித்து ஆடியதைப் பல பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன. படம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மதிலுக்குள் சும்மா கிடந்த புல்லைப் பற்றித்தான் யாரும் கேட்கவில்லை.

சென்னையில் நூற்றைம்பது ஏக்கரை கோல்ஃபுக்குக் கொடு என்று நான் கேட்க மாட்டேன். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவன் நான். ஆனால் பிரண்ட்ஸ்ஃபீல்டுக்கு நூற்றைம்பது ஏக்கர் வேண்டியிருக்கவில்லை. இங்கேயும் 1735-இல், 1761-இல் என்று கனவான்கள் சங்கம் வைத்து ஆடினார்கள். கூட்டம் சேரவே நகருக்கு வெளியே சொந்த மைதானம் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். புல்வெளி அவர்களோடு போகவில்லை, நாய்க்கும் பிள்ளைகளுக்கும் எனக்குமாக இருக்கிறது. மாநகராட்சிப் பூங்கா ஒன்றின் மூலையில் ஒன்பது குழி தோண்டி ஒன்பது கொடி நட என்ன செலவாகும்? கொடி நடுவதில் நமக்கு அனுபவம் இல்லாமலும் இல்லை.

அந்த இடது கை மட்டையை போன வாரம் அதே கடைக்கு நன்கொடையாகத் திருப்பிக் கொடுத்தேன். கவுன்ட்டரிலிருந்த அம்மாள் மனமார நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். நேற்று பேரனோடு அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். குடைகளுக்கு நடுவே நின்றிருந்தது. நான் சுற்றிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது. விலைச் சீட்டில் மூன்று பவுன்.